சுவீடன் பாதையில் சொந்தச் சாரத்தியம்

சுவீடனின் ஸ்மோலாந்துக் காட்டுப் பகுதியில் குடும்பத்தோடு நீங்களே கார் செலுத்திப் போக எண்ணமா? சந்திகளில் கவனம்! அங்கேதான் நம் கை இடப்பக்கம் இழுக்கும். சுவீடனிலும் முன்பு இடப்புறமே ஓட்டினார்கள். 1967 செப்டம்பர் 3ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக வலப்புறம் மாறிற்று.

கொஸ்தா கிராமத்தில் 1742 முதல் கண்ணாடித் தொழில். சூளைக்குக் காட்டு விறகு தாராளமாகக் கிடைத்ததே காரணம். உருகிய கண்ணாடியை நீண்ட குழாயின் நுனியில் எடுத்து, ஊதி, உருட்டி, கிண்ணமாக்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கல்மார் கோட்டையையும் பார்த்துவிடலாம்.

கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதை நம்பி ஓட்டிக்கொண்டே இராதீர்கள். அந்தி வேளையில்தான் எல்க் என்னும் பெரிய மான் பாதையைக் கடக்கும். நெடிய கால்கள், மோதினால் அதன் உடல் முன்கண்ணாடியில் வந்து விழும். மான் படம் போட்ட மஞ்சள் பலகையைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள்.