1 மணி 4 நிமிடத்தில் நின்ற கடிகாரம்

உலகப் படத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். பசிபிக் பெருங்கடலின் நடுவே, எந்தக் கண்டத்தோடும் ஒட்டாமல், சில புள்ளிகள் தெரிகின்றனவா? அவைதாம் ஹவாய்த் தீவுகள். அவற்றுள் பெரிய தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஹீலோ என்னும் சிற்றூர். மக்கள் தொகை ஏறத்தாழ 44,000. முன்னால் கடல், முதுகுப் பக்கம் எரிமலை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆறு பெருகி ஊருக்குள் வருவது அங்கே புதுமையல்ல.

ஊரின் கடற்கரைச் சாலையில் ஒரு கம்பத்தின் உச்சியில் கடிகாரம் ஒன்று நிற்கிறது. அதன் முட்கள் எப்பொழுதும் 1 மணி 4 நிமிடத்தையே காட்டும். பழுது பார்க்க ஆளில்லாமல் அல்ல. வேண்டுமென்றே அப்படி விட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

1960ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நிலம் அதிர்ந்தது. அளவு 9.5. கருவிகள் பதிவு செய்தவற்றுள் அதைவிடப் பெரிய நில நடுக்கம் இன்றுவரை இல்லை. கடலின் அடித்தளம் உயர்ந்தும் தாழ்ந்தும் போனதால் அதன் மேலிருந்த நீர் முழுவதும் அசைக்கப்பட்டது. இப்படிப் பிறக்கும் அலைதான் சுனாமி. காற்றினால் எழும் அலை கடலின் மேற்பரப்போடு சரி. சுனாமியிலோ அடிமுதல் மேல்வரை நீர் முழுவதும் நகர்கிறது.

அது எவ்வளவு விரைவாகச் செல்லும்? நீங்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் போதும். பசிபிக்கின் ஆழத்தைச் சராசரி 4,000 மீட்டர் என்று கொள்வோம். 9.8 பெருக்கல் 4,000 என்றால் 39,200. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 198. அதாவது நொடிக்கு 198 மீட்டர். மணிக்கு 713 கிலோமீட்டர்! சிலியிலிருந்து ஹீலோ சுமார் 10,600 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 15 மணி நேரம் வரும். ஹவாய் நேரப்படி காலை 9 மணியளவில் சிலி அதிர்ந்தது. நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் ஹீலோவில் முதல் அலை வந்தது. ஒரு பள்ளிக் கணக்கு இவ்வளவு சரியாக வருவது வியப்பல்லவா?

ஆழ்கடலில் இந்த அலையின் உயரம் மிகக் குறைவு. கப்பலில் இருப்பவர் உணரவும் மாட்டார். ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகிவிடும். முன்னால் செல்லும் நீர் தயங்க, பின்னால் வரும் நீர் அதன் மேல் ஏற, அலை எழும்புகிறது. ஹீலோ விரிகுடாவோ புனல் வடிவம். வாய் அகலம், உள்ளே செல்லச் செல்லக் குறுகல். அந்தப் புனலின் அடியில்தான் கடைவீதி இருந்தது.

15 மணி நேரம் இருந்ததே, மக்கள் தப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரவு எட்டரை மணிக்கு அபாயச் சங்கு ஊதவும் செய்தது. ஊரில் அநேகமாக எல்லோர் காதிலும் அது விழுந்தது. ஆனால் வீட்டை விட்டு மேட்டுக்குப் போனவர்கள் பாதிக்கும் குறைவு. 1952இலும் 1957இலும் சங்கு ஊதிய பிறகு ஹீலோவில் வந்த அலைகள் சிறியனவாகவே இருந்தன. போதாததற்கு, சங்கு ஊதும் முறையை அண்மையில்தான் மாற்றியிருந்தார்கள். இது முதல் எச்சரிக்கைதான், இன்னும் ஊதும் என்று பலர் காத்திருந்தனர். அலை பார்க்கக் கரைக்கே போனவர்களும் உண்டு. முதல் அலை சுமார் ஒரு மீட்டர்தான். ‘இவ்வளவுதானா’ என்று சிலர் திரும்பினார்கள். சுனாமி ஓரலை அல்ல, ஒரு வரிசை. முதலில் வருவதே பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1 மணி 4 நிமிடத்துக்குச் சுவர்போல் ஓர் அலை வந்தது. 61 பேர் மாண்டனர். ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சாலையோரத்து இரும்புக் கம்பங்கள் கோரைப் புல்லைப் போல் ஒரே பக்கமாக வளைந்து கிடந்தன.

இதில் வருந்தத்தக்கது, அந்த ஊருக்கு இது புதிதல்ல என்பதே. 1946 ஏப்ரல் முதல் நாள் காலையில், வடக்கே அலூஷியன் தீவுகளருகே பிறந்த அலை ஐந்து மணி நேரத்தில் வந்து ஹீலோவில் மட்டும் 96 பேரைக் கொண்டுபோனது. முட்டாள்கள் தினத்து விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தவர்களும் உண்டு! அந்தத் துயரத்தின் பின்தான், 1949இல், எச்சரிக்கை நிலையம் ஒன்றை நிறுவினார்கள். அதற்கும் முன்னால், 1923இல், எரிமலை ஆய்வுக்கூடத்தை அமைத்த ஜாகர் என்ற அறிஞர், கம்சட்காவில் நிலம் அதிர்ந்ததைத் தம் கருவியில் கண்டு, அலை வரும் என்று துறைமுகத்தாருக்குச் சொன்னார். அவர்கள் பொருட்படுத்தவில்லை. அலை வந்தது, ஒரு மீனவர் உயிரிழந்தார். கருவி கண்டுபிடிப்பதைவிடக் காது கொடுக்கச் செய்வது கடினம் போலும்.

முதுகுப் பக்கத்து எரிமலைக்கு மவுனா லோவா என்று பெயர். உயரம் 4,169 மீட்டர். அதன் வடகிழக்குச் சரிவில் பிளவுகள் உண்டு. அவற்றிலிருந்து வழியும் பாறைக் குழம்பு ஹீலோவை நோக்கி இறங்கும். 1881இல் அது ஊரின் ஓரத்தையே தொட்டு நின்றது. இன்று அந்தக் கரும்பாறையின் மேலேயே வீடுகள் கட்டியிருக்கிறார்கள். 1935இல் குழம்பைத் திசை திருப்ப, அதே ஜாகரின் யோசனைப்படி, விமானங்களிலிருந்து குண்டு வீசினார்கள். சில நாட்களில் ஓட்டம் நின்றது. குண்டுகளால்தான் நின்றது என்றார் ஜாகர். தானாகவே அடங்கியிருக்கும் என்பதே பின்வந்த அறிஞர் பலரின் கருத்து. 1984இல் ஊருக்குச் சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் நின்றது. ஆயினும் இது மெதுவாக வரும் பகை. மூட்டை கட்ட நேரம் தரும்.

நேரம் தராத ஒன்று உண்டு. 1975 நவம்பரில் அந்தத் தீவின் தென்கரையே அதிர்ந்தபோது, அலை சில நிமிடங்களில் கரையேறியது. கடற்கரையில் கூடாரமிட்டிருந்தவர்களில் இருவர் இறந்தனர். அருகில் பிறக்கும் அலைக்குச் சங்கு உதவாது. காலடியில் நிலம் பலமாக ஆடுவதே சங்கு. கடல் திடீரென்று உள்வாங்கினாலும் அப்படியே. 1946இல் ஹவாய்ச் சிறுவர்கள், வற்றிய கடலில் துள்ளிய மீன்களைப் பிடிக்க ஓடினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை நம் கரைகளிலும் கடல் பின்வாங்கியதை நின்று பார்த்தவர்கள் இருந்தார்கள். சுமத்ராவில் நிலம் அதிர்ந்து அப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சங்கு ஊத நம்மிடம் நிலையம் இல்லை. ஹைதராபாத்தில் அது 2007இல்தான் அமைந்தது.

1960க்குப் பிறகு ஹீலோவில் அழிந்த பகுதியில் பெரும்பாலும் வீடு கட்ட விடவில்லை. அது இன்று புல்வெளியும் பூங்காவுமாக இருக்கிறது. அலை வந்தால் வரட்டும் என்று விட்டுக்கொடுத்த இடம் அது. மாதந்தோறும் முதல் வேலை நாளன்று காலை 11 மணி 45 நிமிடத்துக்குத் தீவு முழுவதும் சோதனைச் சங்கு ஊதுகிறது. கடற்கரைச் சாலைக் கடிகாரம் அப்போதும் 1 மணி 4 நிமிடம் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.