வாயால் சொன்னதும் அச்சில் வந்ததும்

ஆங்கிலச் செய்திகளில் 'லைபல்', 'ஸ்லாண்டர்' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். நாம் இரண்டையும் அவதூறு என்றே எழுதிவிடுகிறோம். வாயால் சொன்னால் ஸ்லாண்டர், எழுதினால் லைபல் என்பது பலர் ஒப்பிக்கும் விளக்கம். அது பாதிதான் சரி.

இங்கிலாந்துச் சட்டம் பார்ப்பது, பழி நிலைத்து நிற்கும் வடிவில் இருக்கிறதா என்பதையே. கொலை வழக்கில் குற்றம் நிரூபணமாகாத ஒருவரின் மெழுகு உருவத்தை, லண்டன் மேடம் டுசாட்ஸ் கூடத்தில் கொடூரக் குற்றவாளிகளின் அறைக்கு அருகே வைத்தார்கள். அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அது லைபல் ஆகலாம் என்றது 1894-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

பேசும் படம் வந்தபோது சிக்கல் கூடியது. ரஷ்ய இளவரசி ஒருத்தியை ரஸ்புடின் கெடுத்ததாக எம்.ஜி.எம். நிறுவனத்தின் 1932-ஆம் ஆண்டுப் படம் காட்டியது. அது தன்னைத்தான் குறிக்கிறது என்று இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டார். திரையில் ஓடி மறையும் காட்சி எந்தக் கணக்கு? படச்சுருள் நிலைத்திருப்பது, வசனம் அதன் பகுதி, ஆகவே லைபல் என்று 1934-இல் முடிவானது. இழப்பீடு 25,000 பவுன். 'பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று படங்களில் போடும் வழக்கத்துக்கு இந்த வழக்கையே காரணமாகச் சொல்வார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. லைபல் என்றால் பண நஷ்டத்தை நிரூபிக்காமலே வழக்காடலாம். ஸ்லாண்டர் என்றால், சிறைக்குரிய குற்றம் சுமத்துவது, தொழிலுக்கு லாயக்கற்றவர் என்பது போன்ற சில பழிகள் தவிர, பண நஷ்டத்தைக் காட்டியாக வேண்டும். ஊர் முழுக்கப் பரவிய வதந்தியைவிட, ஒருவர் மட்டுமே படித்த கடிதம் கனமானதாகிவிடும் விசித்திரம் இது. இந்தப் பிரிவினைக்குத் தக்க காரணம் இல்லை என்று 1812-லேயே நீதிபதி ஜேம்ஸ் மான்ஸ்ஃபீல்டு வருந்தினார். பழைய தீர்ப்புகளை மீற முடியாமல் அதையே உறுதிசெய்தார். அயர்லாந்து 2009-இல் இதைக் கைவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றமோ 1880-களிலேயே இந்த ஆங்கில விதியை ஏற்க மறுத்தது. ஒரு பெண்ணின் நடத்தையைப் பழித்து வாயால் சொன்னதற்கு, பண நஷ்டம் காட்டாமலே வழக்குத் தொடரலாம் என்றது. குற்றவியல் சட்டத்திலும் இங்கே பேச்சு, எழுத்து, சைகை எல்லாம் ஒன்றே. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி, எப்படி அவதூறு செய்தாலும் இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம்.