மெதுவாக ஓடுங்கள், வேகம் தானே வரும்!

வேகமாக ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவர் என்ன செய்வார்? தினமும் மூச்சு முட்ட ஓடுவார். வேர்வை கொட்டக் கொட்ட ஓடுவார். ஒரு வாரம் ஓடுவார். பிறகு முழங்கால் வலிக்கிறது என்று விட்டுவிடுவார்!

நெடுந்தூரம் ஓட விரும்புகிறவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. முதலில் மெதுவாக ஓட வேண்டும். இதயம் படபடக்காத அளவுக்கு மெதுவாக ஓட வேண்டும். மாதக் கணக்கில் அப்படி ஓடி வந்தால், வேகம் தானாகவே கூடும்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறதா? இந்த முறையில் பயிற்சி பெற்றவர்தான் மார்க் ஆலன். உலகத்தின் மிகக் கடினமான பந்தயங்களில் ஒன்றை 6 முறை வென்ற அமெரிக்க வீரர்!

ஆமை வேகம்

ஆலன் இந்தப் பந்தயத்துக்கு வந்தது 1982-ம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 24. எல்லோரையும் போல அவரும் பயிற்சியில் வேகமாகவே ஓடினார். அதன் பலன், அடிக்கடி காயமும் களைப்பும்தான்.

பில் மாபெட்டோன் என்ற பயிற்சியாளர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். ஓடும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 155-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் யோசனை.

ஆலன் அப்படியே ஓடிப் பார்த்தார். ஒரு மைல் ஓட 8 நிமிடம் 15 விநாடி பிடித்தது. பந்தய வீரருக்கு அது ஆமை வேகம்! வேறு ஒருவராக இருந்தால் வெட்கப்பட்டு விட்டிருப்பார். ஆலன் விடவில்லை.

சுமார் ஓர் ஆண்டு சென்றது. அதே 155 துடிப்பில் அவர் ஒரு மைலை 5 நிமிடம் 20 விநாடியில் ஓடினார். இதயத்துக்கு வேலை கூடவில்லை. காலுக்கு வேகம் கூடிவிட்டது!

58 விநாடி

ஹவாய் தீவில் நடந்த "இரும்பு மனிதன்" பந்தயத்தைப் பற்றிக் கேளுங்கள். கடலில் 2.4 மைல் நீந்த வேண்டும். கரையேறியதும் 112 மைல் சைக்கிள் ஓட்ட வேண்டும். அதற்கு மேல் 26 மைல் மாரத்தான் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில்!

அங்கே ஆலன் 6 முறை போட்டியிட்டும் வெற்றி கிட்டவில்லை. டேவ் ஸ்காட் என்ற வீரரோ 6 முறை வென்றவர்.

1989 அக்டோபர் 14-ந் தேதி இருவரும் மோதினார்கள். 8 மணி நேரம் ஒருவரை ஒருவர் விடவில்லை. மாரத்தானின் கடைசிப் பகுதியில் ஆலன் முந்தினார். 58 விநாடி வித்தியாசத்தில் வெற்றி!

அன்று அவர் மாரத்தானை ஓட எடுத்துக்கொண்டது 2 மணி 40 நிமிடம். ஹவாய் பந்தயத்தில் அதைவிட வேகமாக ஓட 2016 வரை எவராலும் முடியவில்லை. ஆலன் கடைசியாக வென்றது 1995-ல். அப்போது அவருக்கு வயது 37.

உடம்புக்குள் நடப்பது என்ன?

உடம்புக்கு இரண்டு எரிபொருள்கள் உண்டு. ஒன்று சர்க்கரை, மற்றொன்று கொழுப்பு. வேகமாக ஓடினால் சர்க்கரை அதிகம் எரியும். அதன் இருப்பு கொஞ்சம். தீர்ந்துபோனால் கால் நகராது.

கொழுப்போ ஒல்லியான மனிதனிடமும் நிறைய உண்டு. அதை எரிக்கப் பிராணவாயு தாராளமாக வேண்டும். மெதுவாக ஓடும்போதுதான் அது போதிய அளவு கிடைக்கும்.

தினமும் இப்படி ஓடினால், தசைகளில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் பெருகும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்பும். ஆகவே அது அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நன்கு பழகிய ஓட்டக்காரர்களுக்கு ஓய்வு நேரத்தில் 50-க்குக் கீழும் இருப்பதுண்டு.

கிராமத்து டாக்டர்

ஆலனுக்கு முன்பே இதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் ஜெர்மனியில் வால்ட்நீல் என்ற சிற்றூரில் வாழ்ந்த டாக்டர் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன். இதயத்தை வாட்டாமல் நெடுநேரம் ஓடுங்கள் என்பது அவர் கட்சி. அவரிடம் பயிற்சி பெற்ற ஹரால்டு நார்போத், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 5 ஆயிரம் மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பெண்களால் நெடுந்தூரம் ஓட முடியாது என்று பலர் சொன்ன காலம் அது. முடியும் என்று சொன்னவர் இந்த டாக்டர்.

உங்கள் கணக்கு

மாபெட்டோன் சொன்ன கணக்கு எளிது. 180-லிருந்து வயதைக் கழியுங்கள். வயது 30 என்றால் 150. வயது 45 என்றால் 135. ஓடும்போது துடிப்பு அதைத் தாண்டக்கூடாது. பெரிய நோயிலிருந்து எழுந்தவர்கள் மேலும் 10 குறைத்துக்கொள்ள வேண்டும்.

இது எல்லோருக்கும் அச்சாகப் பொருந்தும் என்பதில்லை, தோராயக் கணக்குதான். சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடக்கூடாது.

துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரங்கள் இப்போது கிடைக்கின்றன. அது இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஓட்டத்தை நிறுத்திய உடனே மணிக்கட்டில் நாடி பிடித்து 10 விநாடி எண்ணுங்கள். அதை 6-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் துடிப்பு.

அதைவிட எளிய வழியும் உண்டு. கூட ஓடுகிறவருடன் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? சரியான வேகம்! பேச்சு தடைப்படுகிறதா? மெதுவாக ஓடுங்கள். மேடு வந்தால் நடந்தாலும் தவறில்லை.

மாதம் ஒரு முறை, ஒரே பாதையில், ஒரே துடிப்பில் ஓடி நேரத்தைக் குறித்து வையுங்கள். நேரம் குறைந்தால் பயிற்சி பலிக்கிறது என்று பொருள்.

பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு வேகப் பயிற்சியும் வேண்டும். ஆலனும் அதைச் செய்தார். ஆனால் பல மாதம் மெதுவாக ஓடி அஸ்திவாரம் போட்ட பிறகே செய்தார்.

முதல் மாதம் உங்களைப் பலர் முந்திப் போவார்கள். போகட்டும்! பதறாத காரியம் சிதறாது. ஓட்டத்துக்கும் அது பொருந்தும்.