டிராக்டர் சக்கர நட்டுகளைக் கவனியுங்கள்

மாட்டு வண்டி பூட்டுபவர் புறப்படும் முன் கடையாணியை ஒரு முறை தொட்டுப் பார்ப்பது வழக்கம். அதே வீட்டில் டிராக்டர் வந்த பிறகு டீசல், தண்ணீர், எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள்; சக்கர நட்டைப் பார்ப்பவர் குறைவு. சேற்றுழவு முடிந்ததும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டயர் சக்கரத்தை மாட்டி, மறுநாளே பாரத்துடன் சாலையில் இறங்கும் விவசாயிகள் இதில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும்.

நட்டும் போல்ட்டும் முளைபோல நின்று வண்டியின் பாரத்தைத் தாங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நட்டை முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயலும் அந்த இழுப்பே சக்கரத் தட்டை அச்சின் முகப்போடு அழுத்திப் பிடிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை அசையவிடாமல் வைக்கிறது.

தட்டுக்கும் முகப்புக்கும் இடையில் காய்ந்த சேறோ, துருவோ, தடித்த பெயின்ட்டோ இருந்தால், வண்டி ஓட ஓட அது நசுங்கி உதிரும். ஒரு தாள் கனம் குறைந்தாலே போல்ட்டின் இழுப்பு பெருமளவு போய்விடும். நட்டு கொஞ்சமும் சுழலாமலே இறுக்கம் குறைவது இப்படித்தான். 'நேற்றுத்தானே முறுக்கினேன்' என்று ஓட்டுநர் சொல்வது பொய்யல்ல. எனவே மாட்டும் முன் இரு முகங்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தல் அவசியம். மரைகளையும் அவ்வாறே சுத்தம் செய்ய வேண்டும். கையேட்டில் சொல்லியிருந்தால் அன்றி மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. தடவினால் அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

ஒரு நட்டு விழுந்துவிட்டால் 'மீதி இருக்கிறதே' என்று ஓட்டுவது தவறு. 5 நட்டுள்ள முன்சக்கரத்தில் ஒன்று போனால், மற்ற நான்கும் சராசரியாகக் கால் பங்கு கூடுதல் வேலை செய்ய வேண்டும். விழுந்த நட்டுக்கு இருபுறமும் உள்ளவை அதிலும் அதிகம் சுமக்கும். தட்டு மெல்ல ஆடத் தொடங்கும். துளை நீள்வட்டமாகத் தேயும். பிறகு போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முறியும். முறிந்தது ஒன்றானால் அதன் இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ முறிந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லாப் போல்ட்டுகளையும் மாற்றுவதே சரி. துளை தேய்ந்த தட்டை வெல்டிங் வைத்து அடைத்து ஓட்டுவது பல ஊர்களில் நடக்கிறது, அது வேண்டாம்.

சக்கரம் கழலுமுன் அடையாளம் காட்டும். நட்டைச் சுற்றிச் செம்பொடி படிந்து, கோடு கோடாக வழிந்திருக்கும். நட்டு அமரும் இடம் தேய்ந்து பளபளக்கும். மெதுவாகப் போகும்போது 'டக் டக்' என்ற ஒலி கேட்கும். முன்சக்கரம் ஆடினால் ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். தட்டு மட்டும் ஆடினால் நட்டு தளர்வு. குடமும் சேர்ந்து ஆடினால் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே ஜாக்கி போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய பின்சக்கரம் பல நூறு கிலோ இருக்கும். அதை ஒருவர் தனியே கழற்றக் கூடாது. கூம்பு முனையுள்ள நட்டானால் கூம்பு தட்டின் பக்கம் இருக்க வேண்டும். அடுத்தடுத்த நட்டை முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினால்தான் தட்டு சமமாக அமரும். சக்கரம் தரையில் இறங்கியதும் முழு அளவுக்கு முறுக்க வேண்டும்.

எவ்வளவு முறுக்குவது? கையேடு சொல்லும் அளவே சரியானது. கையேட்டில் 20 கிலோகிராம்-மீட்டர் என்றிருந்தால், ஒரு மீட்டர் நீளப் பிடியின் முனையில் 20 கிலோ விசை. அரை மீட்டர் பிடியானால் 40 கிலோ. இதனால்தான் குழாய் செருகி, அதன் மேல் ஏறிக் குதிப்பது கெடுதல். அதிகம் நீண்ட போல்ட் பழைய நிலைக்குத் திரும்பாது; சில நாளில் முறியும்.

மாட்டிய பின் முதல் ஒரு மணி நேர வேலை முடிந்ததும் மீண்டும் ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு நட்டு அசையாமல் நிற்கும்வரை நாள்தோறும் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் தட்டை அச்சோடு பிணைக்கும் நட்டுகள் தவிர, தட்டை ரிம்மோடு பிணைக்கும் நட்டுகளும் உண்டு. பலர் மறப்பது இவற்றைத்தான். நட்டிலும் தட்டிலும் சேர்த்துப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் நட்டு சுழன்றது தெரியும். ஆனால் கோடு நேராக இருப்பதாலேயே இறுக்கம் குறையவில்லை என்று கொள்ள முடியாது.

டிரெய்லரை யாரும் பார்ப்பதில்லை. கரும்போ நெல்லோ பாரம் முழுவதும் ஏறுவது அதில்தான். பழைய லாரி அச்சு பொருத்திய சில டிரெய்லர்களில் இடப்பக்க நட்டுகளுக்கு இடமுறை மரை இருக்கும். வழக்கமான பக்கம் திருப்பினால் அது இறுகாது, கழலும். முதலில் மரையின் சாய்வைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைப் போட வேண்டும். வாடகைக்கு டிராக்டர் பிடிக்கும் சிறு விவசாயிகளும் பாரம் ஏற்றும் முன் இரு வண்டிகளின் நட்டுகளையும் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் போட்டுவிட்டு எடுக்குமாறு ஓட்டுநரிடம் சொல்லலாம்.