ஊசி என்றால் பூச்சாண்டியா?

“சாப்பிடலேன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்!”

இந்த வசனம் கேட்காத வீடு உண்டோ? இரண்டு வாய் சாதம் உள்ளே இறங்குவதென்னவோ வாஸ்தவம்தான். ஆனால் நிஜமாகவே ஊசி போட வேண்டிய நாளில், குழந்தை அதைத் தண்டனை என்றுதானே நினைக்கும்?

என் பேத்திக்கு ஐந்து வயது முடிந்ததும் முத்தடுப்பு பூஸ்டர் போட அழைத்துப் போனேன். பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மா, “வலிக்கவே வலிக்காதுடா கண்ணா” என்று மகனுக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். ஊசி போட்டு வெளியே வந்தவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வலியைவிட அந்தப் பொய்தான் அவனைச் சுட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தடுப்பூசி வலி பற்றிச் சொன்ன யோசனைகளிலும், ‘வலிக்காது’ என்ற பொய்ச் சமாதானம் வேண்டாம் என்றே இருக்கிறது.

நான் பேத்தியிடம் அன்று காலையில்தான் விஷயத்தைச் சொன்னேன். (முதல் நாளே சொன்னால் இரண்டு பேருக்கும் ராத்தூக்கம் போகும்!) “சுருக்குன்னு இருக்கும். அழணும்னா அழு, பாட்டி கோவிச்சுக்க மாட்டேன். கையை மட்டும் ஆட்டாதே.” எந்தக் கதை சொல்ல வேண்டும் என்பதை அவளே முடிவு செய்தாள். பொம்மைக்கு ஒரு ஊசி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அங்கே படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிக்க நான் விடவில்லை. மடியில் உட்கார வைத்து, முதுகு என் மார்பில் சாய அணைத்துக்கொண்டேன். “சோப்புக் குமிழி ஊதற மாதிரி மெள்ள ஊது” என்றேன். ஊதினாள், அழவும் செய்தாள். இரண்டே நிமிஷம்.

கைக்குழந்தைக்குக் கதை ஏது? 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளுக்குத் தாய்ப்பாலே மருந்து. ஊசிக்குச் சற்று முன்பே பால் கொடுக்க ஆரம்பியுங்கள். போடும்போதும் நிறுத்த வேண்டாம். நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் அனுசரித்துப் போவார். பிறகு ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். காய்ச்சல் மருந்தை டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

“ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?” என்று அதட்டும் தாத்தாக்களை மட்டும் அன்றைக்கு வீட்டுக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவது உத்தமம்.