வெளிநாடு செல்லும் செவிலியரும் ஊராட்சிகளும்

நாஞ்சில் நாட்டிலும் அதற்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் செவிலியர் ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே இலண்டன் மிஷன் சங்கத்தார் மருத்துவப் பணியைத் தொடங்கினர். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற ஹோவார்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் பல்லாண்டுகள் பணிபுரிந்த ஊரும் அதுவே. நோயாளியைப் பேணும் தொழில் நமது மாவட்டத்துப் பெண்களிடையே மதிப்புப் பெற்றதில் இத்தகைய மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்குண்டு. இன்று அத்தொழிலைக் கற்றவர்கள் சவூதி அரேபியா, குவைத், இங்கிலாந்து, ஜெர்மனி எனப் பல நாடுகளுக்கும் செல்கின்றனர். இது மகிழத்தக்கதே.

ஆயினும் ஒரு பெண்ணை அனுப்புவதற்காக வயலை ஒற்றி வைப்பதும், நகைகளை அடகு வைப்பதும், வட்டிக்கு வாங்குவதும் ஊர்தோறும் நாம் காணும் காட்சியாகும். இப்பணம் எங்கே போகிறது என்று கேட்போர் மிகச் சிலர். 2015ஆம் ஆண்டில் கேரளத்தில் சி.பி.ஐ. பதிந்த ஒரு வழக்கை இங்கே குறிப்பிடலாம். குவைத் அரசு மருத்துவமனை வேலைக்காக ஒரு செவிலியரிடம் 19,500 ரூபாய் பெற வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் ரூபாய் பெற்றனர் என்பது குற்றச்சாட்டு. நூறு மடங்கு! நாஞ்சில் நாட்டில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் காத்த நிலத்தையே விழுங்கிவிடக்கூடிய தொகை இது.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற முகவர், வேலைக்குச் செல்பவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய சரக்கு சேவை வரியுமே பெறலாம். அதற்கு மேல் பெறுதல் குற்றம். பெற்ற தொகைக்கு ரசீது தரவும் வேண்டும். ஊருக்குள் வந்து, ‘எனக்குத் தெரிந்த கம்பெனி ஒன்று உண்டு’ என்று பேசித் திரியும் துணைத் தரகருக்கு ஆள் சேர்க்கும் உரிமை ஏதும் இல்லை.

இனிச் செய்யவேண்டியவற்றைக் காண்போம். முதலாவது படிப்பு. மூன்றாண்டுச் செவிலியர் பட்டயமோ, நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் பட்டமோ பெற்றவரே வெளிநாட்டில் செவிலியராகப் பதிவு பெற முயலலாம். ஈராண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி நம் கிராம சுகாதாரப் பணிக்கு உரியது. வெளிநாட்டுப் பதிவுக்கு அது பொதுவாகப் போதாது. ஆறு மாதம், ஓராண்டு என நடைபெறும் உதவியாளர் பயிற்சிகளைக் கொண்டு செவிலியராகப் பதிவு பெறவே இயலாது. பிளஸ் டூ முடித்த மகளை ஒரு கல்லூரியில் சேர்க்குமுன், அக்கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பெற்றோர் விசாரித்தறிதல் வேண்டும். பணம் கட்டிய பின் விசாரிப்பதில் பயனில்லை.

படிப்பு முடிந்ததும் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான கவுன்சில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. நம் மாவட்டத்தினர் பலர் திருவனந்தபுரத்திலோ பெங்களூரிலோ பயில்வதால், அவரவர் பயின்ற மாநிலத்திலேயே முதலில் பதிவு பெறுகின்றனர். பின்னர் வெளிநாட்டுக் கவுன்சில் கேட்கும்போது, இவர்மீது குறையேதும் இல்லை என்னும் நன்னிலைச் சான்றைப் பதிவு செய்த கவுன்சிலே அனுப்ப வேண்டியிருக்கும். ஆதலின் பதிவு காலாவதியாகாமல் புதுப்பித்து வருதல் அவசியம்.

நம் பக்கத்தில் பெரும் தொல்லை தருவது பெயர். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் சேர்ந்த பெயர். ஞானஸ்நானப் பெயர் வேறு. திருமணத்திற்குப்பின் கணவர் பெயர் மற்றொன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் ‘டேட்டாஃபுளோ’ என்னும் நிறுவனத்தின் மூலம் கல்லூரி, கவுன்சில், முன்பு வேலை செய்த மருத்துவமனை ஆகியவற்றுக்கே நேராக எழுதிச் சான்றுகளைச் சரிபார்க்கின்றன. ஓரெழுத்து வேறுபட்டாலும் மாதக்கணக்கில் தாமதம் நேரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வாங்கும்போதே பெயரைச் சரிபார்த்துவிட்டால் பின்வரும் அலைச்சல் பெரிதும் குறையும். அனுபவச் சான்றிலும் கவனம் வேண்டும். போலிச் சான்று இச்சரிபார்ப்பில் அகப்பட்டால் அந்நாட்டில் வேலை வாய்ப்பே அடைபட்டுப் போகலாம்.

பத்தாம் வகுப்புத் தேறியோரின் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. செவிலியருக்கு மட்டும் விதி வேறு. 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போரினிடையே சிக்கிய 46 இந்தியச் செவிலியர் பெரும்பாடுபட்டு மீண்டதை யாவரும் அறிவர். கடன் தீரவில்லையே என்று அவர்களுட் பலர் திரும்பி வரவும் தயங்கினர் என்பது அப்போது வந்த செய்தி. 2015இல் மத்திய அரசு, சவூதி, குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஈராக், லிபியா முதலிய 18 நாடுகளுக்குச் செவிலியர் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி கட்டாயம் என ஆணையிட்டு, ஆள் சேர்ப்பையும் அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெப்பெக் என்பனவும், தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இப்பணிக்கு உரியவை. அனுமதி பெற்றோர் பட்டியல் அவ்வப்போது மாறக்கூடுமாதலால், இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்த்துக்கொள்வதே முறை.

வேலை தருவோர் இத்தளத்தில் பதிந்து, ஒப்பந்தத்தில் ஊதியமும் வேலையும் தெளிவாக இருந்தால்தான் அனுமதி கிட்டும். ‘முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்பவர் இந்தப் பாதுகாப்பைத்தான் நீக்கிவிடுகிறார். விசாவில் வீட்டுவேலை என்று எழுதியிருந்தால் செவிலியர் ஊதியத்தை எந்த நீதிமன்றத்தில் கேட்பது?

இங்கிலாந்தும் ஜெர்மனியும் அந்த 18 நாடுகளில் சேர்ந்தவை அல்ல. அங்கே மொழியே வாயில். இங்கிலாந்தின் செவிலியர் கவுன்சில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 கேட்கிறது, ஓ.இ.டி. தேர்வையும் ஏற்கும். அதன்பின் கணினித் தேர்வும், அங்கே சென்றபின் செய்முறைத் தேர்வும் உண்டு. வேலை தருவோர் அளிக்கும் பொறுப்புச் சான்றின்பேரில்தான் விசா வழங்கப்படும். வேலை தேடித் தருவதற்காகச் செவிலியரிடம் கட்டணம் வாங்கலாகாது என்று அந்நாட்டு அரசின் நெறிமுறையே கூறுகிறது. ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். அம்மொழியைக் கற்க ஓராண்டேனும் பிடிக்கும். அந்த ஓராண்டுக்கான வீட்டுச் செலவையும் முன்னரே எண்ணிக்கொள்ளுதல் நலம்.

ஊராட்சி உறுப்பினர் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. பத்திரம் எழுதுமுன் கலந்து பேச மக்கள் பெரும்பாலும் உறுப்பினரையே நாடுகின்றனர். அவ்வேளையில் முகவரின் உரிம எண்ணைக் கேட்டு, இ-மைக்ரேட் தளத்தில் அவ்வெண்ணைப் பார்க்க ஐந்து நிமிடமே ஆகும். ஊராட்சி அலுவலகக் கணினியிலேயே பார்க்கலாம். பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே செலுத்தும்படி சொல்லவேண்டும். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருத்தல் இன்றியமையாதது. ஏமாற்றப்பட்டதாக அறிந்தால் காவல் நிலையத்தோடு நில்லாது, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் எழுத்து மூலம் புகார் அனுப்பலாம். ரசீது, வங்கிப் பதிவு, கைப்பேசிச் செய்திகள் ஆகியவற்றின் நகல்களை அதனுடன் இணைக்கவும்.