கீரையை ஒதுக்காதீர்கள்... அளவை மாற்றாதீர்கள்!

''ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன் டாக்டர். கீரையே தொடக்கூடாதுன்னாங்க, அடியோட விட்டுட்டேன். இப்போ பல் தேய்ச்சா ஈறுல ரத்தம் வருது...'' என்றார், இதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்ட ஒரு சகோதரி.

''வேற ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?''

''கொழுப்பு குறையணும்னு தினமும் பூண்டு லேகியம். மூலிகைதானே!''

லேகியத்தை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே அவருடைய இதய டாக்டரிடம் அனுப்பினேன். ஐ.என்.ஆர். 5-ஐத் தாண்டியிருந்தது. பலருக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்; உலோக வால்வு உள்ளவர்களில் சிலருக்குச் சற்றுக் கூடுதலாக வைப்பார்கள்.

என்ன நடந்தது? ரத்தம் உறைய உதவும் சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் 'கே' வேண்டும். அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகள் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கின்றன. முருங்கைக்கீரை, பசலைக்கீரை, முட்டைகோஸ் ஆகியவற்றில் வைட்டமின் 'கே' இருக்கிறது. திடீரென்று நிறையச் சாப்பிட்டால் மாத்திரையின் வேகம் குறைந்து, வால்வில் ரத்தம் உறையலாம். அடியோடு நிறுத்தினால் வேகம் கூடி, ரத்தக்கசிவு வரலாம். லேகியமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

ஆகவே, வாரம் 2 நாள் ஒரு கப் கீரை சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையே தொடருங்கள். அதற்குத் தக்கபடி டாக்டர் மாத்திரையின் அளவை வைப்பார்.

காபி, டீ, மோர் வழக்கம்போல் குடிக்கலாம். புதிதாக கிரீன் டீயை கப் கப்பாகக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். மது வேண்டவே வேண்டாம்.

குழம்பு, ரசத்தில் போடும் இஞ்சி, பூண்டு, மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். அதையே லேகியம், சூரணம், கஷாயம், மாத்திரை என்று மருந்தாகச் சாப்பிடும்போதுதான் ஆபத்து. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: எந்த வைத்தியரிடம் போனாலும், முதலில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். வலி மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்குக் கீரைக் கணக்கு கிடையாது. ஆனால், உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவை அல்ல. நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

மலம் கறுப்பாகப் போவது, சிறுநீர் சிவப்பது, தலையில் அடிபடுவது, திடீரென்று கை, கால் மரத்துப்போவது... இதில் எது நடந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது செவ்வாயும் வெள்ளியும் கீரைக்கூட்டு வைக்கிறார். ஐ.என்.ஆர். கட்டுக்குள் இருக்கிறது!